நாற்பத்திரண்டாவது தவறு

3 ஜூன் 2019, திங்கள்

காலையில் மோட்டார் ஓடவில்லை. கிணறே வற்றிவிட்டது, மோட்டார் பாவம் என்ன செய்யும். தண்ணீர் லாரிக்குச் சொல்லி வைத்தேன்.

பதினோரு மணிக்குச் சென்னையிலிருந்து ஒரு பெண் வந்தாள். ஹேமப்ரியா என்று பெயர். பழைய படங்களைத் துடைத்து மெருகேற்றி மறுபடி தியேட்டரில் விடுகிற கம்பெனியில் வேலையாம். ‘முள்மேட்டுச் சிங்கம்’ வந்து ஐம்பது வருடம் ஆகிறதாம். ஆகஸ்ட் பதினைந்தாம் தேதி புதுக்கோலத்தில் வருகிறதாம். கூடவே ஒரு புத்தகமும் போடுகிறார்களாம்.

“சார், அந்தச் சண்டையில இருந்தவங்கள்ல இப்ப நீங்க ஒருத்தர்தான் இருக்கீங்கன்னு சொன்னாங்க. படத்துல எது உண்மை, எது தப்புன்னு நீங்களே சொன்னா நல்லாருக்கும்.”

ஒருத்தர்தான் என்பதை நான் மறுக்கவில்லை.

“படம் எவ்ளோ நேரம்மா?”

“ரெண்டே முக்கால் மணி நேரம் சார்.”

“அப்போ தப்பும் ரெண்டே முக்கால் மணி நேரந்தான். எழுதிக்கோ.”

சிரித்தாள். படத்தை ஒரு பென் டிரைவில் போட்டுக் கொடுத்தாள். கோடு போட்ட இந்த நோட்டையும் கொடுத்து, “தோணுறதை எல்லாம் தேதி போட்டு எழுதுங்க சார், விஷயம் தெரியாதவங்க படிச்சாலும் புரியணும்” என்றாள். ஆகவே புரியும்படி எழுதுகிறேன். 1965 செப்டம்பர், பஞ்சாப் எல்லை. கருவேல முள் மண்டிய ஒரு மேடு. நாங்கள் வைத்த பெயர்தான் முள்மேடு. நான் அப்போது நாயக், கையில் இரண்டு பட்டை, எனக்குக் கீழே பத்துப் பேர், பத்துப் பேருக்கும் சேர்த்து எல்.எம்.ஜி. என்கிற இயந்திரத் துப்பாக்கி ஒன்று. எங்கள் படைக் கம்பெனிக்குத் தலைவர் கேப்டன் தேஷ்முக். ஒரு ராத்திரி முழுக்க அந்த மேட்டைப் பிடித்து வைத்திருந்தோம். அவ்வளவுதான் கதை. இதை வைத்துக்கொண்டு ஏழு பாட்டு எடுத்தார்கள்.

5 ஜூன், புதன்

முதல் ஒரு மணி நேரம் பார்த்தேன். தலைவலி.

கேப்டன் வேஷம் போட்ட கதாநாயகர் நெஞ்சில் ஒரு பதக்க நாடா. 1965 சண்டைக்குக் கொடுத்த பதக்கம். மனிதர் அந்தச் சண்டைக்கு இனிமேல்தான் ரயிலேறப் போகிறார்! கிளம்புவதற்கு முன்பே பதக்கம் வாங்கிய ஒரே வீரர் இவர்தான். தவறு எண் 1.

தலையில் தொப்பி இல்லாமல் சல்யூட் அடிக்கிறார். எங்கள் சுபேதார் இருந்திருந்தால் மைதானத்தைப் பத்துச் சுற்று ஓடவிட்டிருப்பார். இரும்புத் தொப்பி மற்ற எல்லோருக்கும் உண்டு, இவருக்கு மட்டும் கிடையாது. சுருள்முடி கலைந்துவிடுமாம்.

பஞ்சாப் எல்லையில் பனைமரம். ஒன்று இரண்டு இல்லை, பதினாலு எண்ணினேன். எதிரி டாங்கி வருகிறது, அதன் பின்னால் மண்ணில் டிராக்டர் டயர் தடம். கையெறி குண்டின் பின்னைப் பல்லால் கடித்து இழுக்கிறார். உண்மையில் அப்படி இழுத்தால் பின் வராது, பல்தான் வரும். ரீலோடு செய்யாமல் ரைபிளால் முப்பத்தாறு முறை சுடுகிறார். அந்த ரைபிளுக்குப் பத்துத் தோட்டாதான். இந்தக் கண்றாவிக்கு ராணுவ ஆலோசகர் என்று ஒருவர் பெயரைத் தனியாக டைட்டிலில் வேறு போட்டிருக்கிறார்கள். அந்தப் புண்ணியவான் என்ன ஆலோசனை சொன்னாரோ, கேன்டீனில் என்ன டிபன் என்று கேட்டிருப்பார்.

இதுவரை பத்தொன்பது.

6 ஜூன், வியாழன்

தண்ணீர் லாரி வந்தது. எட்டுக் குடத்துக்குமேல் கிடையாது என்றான். பக்கத்து வீட்டுக்காரர், “மிலிட்டரிக்காரருக்குக் கூட ரெண்டு குடம் ஊத்துப்பா, முள்மேட்டு ஆளு” என்றார். ஊற்றினான்.

9 ஜூன், ஞாயிறு

இன்று ரங்கநாயகியும் பக்கத்தில் உட்கார்ந்தாள். என் மனைவிக்கு இந்தப் படம் என்றால் உயிர். வருஷா வருஷம் சுதந்திர தினத்தன்று டிவியில் போடுவான், வருஷா வருஷம் அழுவாள். அழுவதற்கு முன்னால் ஒருமுறை வயிறு வலிக்கச் சிரிப்பாள். அது அண்டா காட்சிக்கு.

படத்தில் காமெடிக்காகப் பட்டாளத்துச் சமையல்காரன் ஒருவன். குண்டு விழ ஆரம்பித்ததும் சமையல் கூடத்தில் கவிழ்த்து வைத்த பெரிய அண்டாவுக்குள் புகுந்துகொள்கிறான். கல்லும் மண்ணும் அண்டாமேல் விழ விழ, உள்ளேயிருந்து அவன் குரல் மட்டும் கேட்கிறது. பயத்தை மறக்க ரயில்வே ஸ்டேஷன் பெயர்களைச் சொல்லிக்கொண்டிருக்கிறான். “காட்பாடி... லத்தேரி...”

நான் டிவியை நிறுத்தினேன்.

“ஏங்க, நல்ல சீன்ல நிறுத்திட்டீங்களே!”

“இதுல எழுத ஒண்ணுமில்ல. வெறும் கோமாளித்தனம்.”

“கோமாளித்தனமோ இன்னாவோ, அந்த ஆளு நெஜமாவே பயந்தவன் மாதிரி சொல்றான். நீங்ககூடத்தான் தூக்கத்துல ஸ்டேஷன் பேரா சொல்லுவீங்க. கல்யாணமான புதுசுல நான் இந்த மனுஷன் ரயில்வேல இருந்தாரா மிலிட்டரில இருந்தாரான்னு எங்கம்மாவையே கேட்டேன்.”

சாம்பாரில் உப்பு அதிகம். சொன்னேன். உப்பு சரியாகத்தான் இருக்கிறது என்றாள்.

14 ஜூன், வெள்ளி

தவறுகள் நாற்பத்தொன்று வரை வந்துவிட்டன. இவ்வளவையும் கண்டுபிடித்து எழுத ஒருவன் இருக்கிறான் என்று தெரிந்திருந்தால் அந்த டைரக்டர் படம் எடுக்காமல் ஊறுகாய்க் கடை வைத்திருப்பார். பதுங்குகுழிக்குள் இட்லி சாப்பிடுகிறார்கள். செப்டம்பர் மாதத்துப் புழுதியில் மூன்று நாள் உருண்ட பிறகும் கால்சட்டை மடிப்பு கலையவில்லை. காயம் இடது தோளில், கட்டு வலது தோளில், அடுத்த ஷாட்டில் கட்டே இல்லை.

இரண்டு மணி பதினொரு நிமிடத்தில் நிறுத்தியிருக்கிறேன். இதற்குமேல் கடைசிச் சண்டை. கண் வலிக்கிறது, சொட்டு மருந்து போடவேண்டும்.

18 ஜூன், செவ்வாய்

ரேஷன் கடை. துவரம் பருப்பு வரவில்லை. பக்கத்துத் தெரு ஸ்கூல் ஹெட்மாஸ்டர் வழியில் பார்த்து, “இந்த வருஷமும் நீங்கதான் சார் கொடியேத்தணும்” என்றார். பதினேழு வருடமாக நான்தான் ஏற்றுகிறேன். படம் பார்க்க நேரமில்லை.

21 ஜூன், வெள்ளி

ஹேமப்ரியா போன் செய்தாள். கிளைமாக்ஸ் பார்த்தாயிற்றா என்றாள். கண் என்றேன். மோட்டார் என்றேன். தண்ணீர் என்றேன்.

“பரவால்ல சார், மெதுவா பாருங்க. ஆனா ஒரு சூப்பர் விஷயம்! படக் கம்பெனியோட பழைய பெட்டியில ஒரு ஃபைல் கெடச்சிருக்கு. கதை இலாகாக்காரங்க அறுபத்தெட்டுல உங்களை வேலூர்ல பாத்துப் பேசினதை அப்படியே டைப் அடிச்சு வெச்சிருக்காங்க. ‘நாயக் துளசிங்கம் கூறியது’ன்னு பதினோரு பக்கம். கேப்டன் கடைசி வரைக்கும் எல்.எம்.ஜி. புடிச்சதெல்லாம் நீங்க சொன்னதுதானாமே! அந்த அண்டா காமெடிகூட நீங்க சொன்னதாமே சார்! நீங்க சொல்லவே இல்லையே?”

“மறந்துபோச்சும்மா.”

“வியாழக்கிழமை நான் நேர்ல வரேன் சார். கடைசி முப்பது நிமிஷத்தைச் சேர்ந்து பாத்துடலாம்.”

வேண்டாம் என்று எப்படிச் சொல்வது.

27 ஜூன், வியாழன்

வந்தாள். ரங்கநாயகி காப்பி கொடுத்தாள். மூன்று பேரும் உட்கார்ந்து பார்த்தோம்.

எல்லோரும் விழுந்துவிடுகிறார்கள். கேப்டனாகிய கதாநாயகர் ஒற்றை ஆளாக எல்.எம்.ஜி.க்குப் பின்னால் படுக்கிறார். சுடுகிறார், சுடுகிறார், பீப்பாய் பழுக்கிறது. பக்கத்தில் கிடக்கிற கரித்துணி ஒன்றை எடுத்து இரண்டு கையாலும் பீப்பாயைப் பிடித்துக் கழற்றி, வேறு பீப்பாயை மாட்டி, மறுபடி சுடுகிறார். துணி புகைகிறது. பொழுது விடிகிறது. கொடியைப் பார்த்துச் சாகிறார். ரங்கநாயகி முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

ஹேமப்ரியா அந்த இடத்துக்குத் திரும்பப் போய் நிறுத்தினாள். கெட்டிக்காரப் பெண். மியூசியத்துக்கு எல்லாம் போய்ப் பார்த்திருக்கிறாள்.

“சார், இந்தத் துப்பாக்கியோட பீப்பாய் மேல மரக் கைப்பிடி ஒண்ணு இருக்கு. சூடானா அதைப் புடிச்சுக் கழட்டுறதுக்குன்னே வெச்சது. படத்துலயே தெரியுது பாருங்க. ஒரு கேப்டனுக்கு அது தெரியாதா? அடுப்புலேர்ந்து சட்டி எறக்குற மாதிரி யாராச்சும் துணியைப் போட்டுப் புடிப்பாங்களா? இதானே நாப்பத்திரெண்டாவது தப்பு?”

நான் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தத் துணியை நான் பார்த்து ஐம்பத்து நாலு வருடம்.

“சார்?”

“ஆமா. தப்புதான். போட்டுக்கோ.”

போட்டுக்கொண்டாள். இருப்பதிலேயே பெரிய தவறு இதுதான், புத்தகத்தில் முழுப்பக்கப் படத்தோடு வரும் என்றாள்.

28 ஜூன், வெள்ளி

லாரி வரவில்லை.

29 ஜூன், சனி

லாரி வந்தது. நான் எழுந்து போகவில்லை. ரங்கநாயகி குடம் தூக்கினாள். உடம்புக்கு என்ன என்று இரண்டு முறை கேட்டாள்.

2 ஜூலை, செவ்வாய்

குடியாத்தம் பஸ் ஏறினேன். யாரிடமும் சொல்லவில்லை.

பஸ் நிலையத்துக்குப் பக்கத்து டீக்கடையில் கேட்டேன். “கன்னியப்பன்னு, பட்டாளத்துல சமையல்காரரா இருந்தாரே...”

“அண்டா மிலிட்டரியா? அப்டி சொல்லு பெருசு. நேரா போயி மாவு மில்லாண்ட திரும்பு. யாரைக் கேட்டாலும் அண்டா வூடுன்னு காட்டுவாங்க. குண்டு போட்டப்ப அண்டாவுக்குள்ள ஒளிஞ்சாரே, படத்துலகூட வருமே, அவருதான்!” என்று சொல்லிவிட்டுச் சிரித்தான். டீக்கடைக்காரனுக்கு முப்பது வயதிருக்கும். அவன் அப்பா சொல்லிச் சிரித்திருப்பார்.

கன்னியப்பன் வாசலில் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் எழுந்து, எண்பது வயதில், விறைப்பாக நின்றான்.

“இன்னா நாயக் சாப், வழி தெரிஞ்சுதா?”

“விசாரிச்சேன்.”

“அண்டான்னு கேட்டிருப்பீங்க. அப்பத்தான் கரெக்டா காட்டுவானுங்க.” பெஞ்சைத் துண்டால் தட்டிப் போட்டான். அப்போது கையைப் பார்த்தேன். இரண்டு உள்ளங்கையிலும் ரேகை கிடையாது. வழவழவென்று சிவந்த தோல்.

என்ன பேசுவது. மழையில்லை என்றேன். அவனும் மழையில்லை என்றான். பிறகு அவனே கேட்டான்.

“படம் மறுபடி வருதாமே. புக்கு போடறாங்களாம், நீங்கதான் தப்பு சரி பாக்கறீங்களாம். என் பேரன் போன்ல காட்டினான்.”

“ஆமாம்ப்பா. நாப்பத்திரெண்டு தப்பு.”

“நானு வருசா வருசம் பாக்கறேன் சாப். அண்டா சீனு வந்தா எங்க வூட்ல எல்லாம் என்னைப் பாத்து சிரிக்கும். நானும் சிரிப்பேன், வேற இன்னா செய்யறது. ஒருக்கா என் பொண்ணாண்ட சொன்னேன், கடைசில துப்பாக்கி புடிச்சது நாந்தான்னு. ‘நைனா, ஊத்திக்கினு வந்தியா’ன்னுச்சு. அப்பறம் யாராண்டயும் சொல்றதில்ல. ஆனா அந்தத் துணி வரும் பாருங்க, அதுக்கோசரம் உக்காந்துகினு இருப்பேன். அது என் துணி சாப். பருப்பு டேக்சா எறக்கற துணி. எல்லாத்தையும் மாத்திட்டீங்க, அதை மட்டும் அப்டியே வெச்சீங்களே, அது போதும்னு நெனச்சுப்பேன்.” பூண்டை ஒதுக்கிவிட்டு என்னைப் பார்த்தான். “அதைத் தப்புன்னு போட்டுடலையே?”

நான் குனிந்து தரையில் கிடந்த பூண்டுத் தோலைப் பொறுக்கினேன். அவனுக்குப் புரிந்துவிட்டது. உள்ளே திரும்பி, “இம்மாம் தூரம் வந்துகீறாரு, சோறு வையி” என்றான். சாப்பிட்டேன். பருப்பு முள்மேட்டில் கொடுத்த அதே ருசி.

திரும்பி வந்து எழுதுகிறேன். ஊரான் படத்தில் நாற்பத்திரண்டு தவறு கண்டுபிடித்த பெரிய மனுஷன் தன் தவறையும் எழுதட்டும்.

முள்மேட்டில் அன்று பொழுது சாயும்போதே மார்ட்டர் குண்டு விழுந்து கேப்டன் தேஷ்முக் போய்விட்டார். நல்ல மனிதர். எல்.எம்.ஜி.யைத் தொடக்கூட இல்லை. எல்.எம்.ஜி. பிடித்திருந்த பெரியசாமிக்கு இரண்டு காலிலும் அடி. அந்த இடத்தில் அடுத்துப் படுக்கவேண்டியவன் நான். தோட்டாப் பெட்டி எடுத்து வருகிறேன் என்று சொல்லிவிட்டு இறங்கினேன். கீழே சமையல் கூடத்தில் பெரிய அண்டா கவிழ்ந்திருந்தது. விடியும்வரை நான் வெளியே வரவில்லை.

பருப்பு வாளியோடு மேலே போன கன்னியப்பன், பிற்பாடு அவனே சொன்னபடி, பெரியசாமி சொல்லச் சொல்லத் துப்பாக்கியைப் பிடித்திருக்கிறான். தாழைத் தூக்கு, பீப்பாயைக் கழற்று என்று பெரியசாமி சொல்லியிருக்கிறான், கைப்பிடியைப் பிடி என்று சொல்ல மறந்துவிட்டான், பட்டாளத்தானுக்கு அதைத் தனியாகச் சொல்லவேண்டியதில்லை அல்லவா. சமையல்காரன் என்ன செய்வான்? சூடான பாத்திரத்தை இறக்குகிற மாதிரி இறக்கினான். ராத்திரிக்குள் நாலு முறை.

விடிந்து நான் மேலே போனபோது பெரியசாமியும் மேட்டில் இருந்த மற்றவர்களும் உயிரோடு இல்லை. கன்னியப்பன் மயங்கிக் கிடந்தான். நான்தான் அவனைச் சமையல் கூடத்துக்குத் தூக்கி வந்தேன். விசாரணையில், துப்பாக்கி பிடித்தவர் கேப்டன் என்றேன். பக்கத்தில் கரித்துணி எப்படி வந்தது என்று கேட்டார்கள், பீப்பாய் மாற்ற என்றேன். சமையல்காரன் கை எப்படி வெந்தது என்றார்கள், அடுப்பு வெடித்தது என்றேன். நான்கு மாதம் கழித்து ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவனிடம், உத்தரவில்லாமல் சமையல் கூடத்தை விட்டுப் போனதற்கு உன்னை உள்ளே தள்ளுவார்கள், வாயை மூடிக்கொள் என்றேன். நம்பினான். சினிமாக்காரர்கள் வந்து வேடிக்கையாக ஏதாவது இருக்கிறதா என்று கேட்டபோது அண்டாவையும் அவன் தலையில் கவிழ்த்தேன்.

த்தூ.

3 ஜூலை, புதன்

ரங்கநாயகி நேற்று எழுதியதைப் படித்துவிட்டாள். நோட்டைக் கூடத்தில் விரித்து வைத்தது நான்தான். இட்லி வைத்தாள், சட்னி வைக்க மறந்துவிட்டாள். நானும் கேட்கவில்லை. பத்து மணிக்கு வந்து, “போன் பண்ணிட்டீங்களா?” என்றாள். அவ்வளவுதான்.

பண்ணினேன். “எழுதிக்கோம்மா. நாப்பத்திரெண்டாவதை அடி. அது தப்பு இல்ல. அந்தப் படத்துல சரியா இருக்கறது ரெண்டே ரெண்டு விஷயம். துணியும் அண்டாவும். ஆளுங்கதான் மாறிப்போச்சு.”

முழுதும் சொன்னேன்.

“சார்... இதை அச்சுல போட்டா ஊர்ல உங்களை... அந்தக் கேப்டன் குடும்பத்துக்கும்...”

“அவங்களுக்கு நானே எழுதறேன். அவர் செத்தது சண்டையிலதான், அதுல ஒரு குறையும் இல்ல. நீ என் பேரை முழுசா போடு. கன்னியப்பன் பேரைப் பெருசா போடு. எழுத்துப் பிழை வராம பாத்துக்கோ, உங்க ஆளுங்க எல்லாத்துலயும் கோட்டை விடுவாங்க.”

15 ஆகஸ்ட், வியாழன்

புத்தகம் போன வாரமே வந்துவிட்டது. ஸ்கூலில் இந்த வருடம் கவுன்சிலர் கொடியேற்றினார். ஹெட்மாஸ்டர் என்னைத் தெருவில் பார்த்தும் செல்போனில் பேசுகிற மாதிரி போய்விட்டார். போனைத் தலைகீழாகப் பிடித்திருந்தார். தண்ணீர் லாரிக்காரன் எட்டுக் குடத்தோடு நிறுத்திவிட்டான். சரியான கணக்குத்தான்.

குடியாத்தத்தில் பகல் காட்சி. கன்னியப்பன் குடும்பமே வந்திருந்தது. அவன் மகள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள், பேசவில்லை. அவள் பேசாமலே இருக்கலாம், எனக்குக் கேட்க வாயில்லை. நானும் ரங்கநாயகியும் கடைசி வரிசைக்குப் போகப் பார்த்தோம். கன்னியப்பன் கையைப் பிடித்து இழுத்துப் பக்கத்தில் உட்காரவைத்தான். “படம் போட்டா தப்பு சொல்லிகினே இருப்பீங்களாமே, எனக்கும் சொல்லுங்க சாப்.” சொன்னேன். பனைமரம், பதக்கம், டயர் தடம். ஒவ்வொன்றுக்கும் குலுங்கிச் சிரித்தான்.

துணி வந்தபோது தியேட்டரில் யாரோ “அண்டா மிலிட்டரி!” என்று கத்தினார்கள். கேலியாக இல்லை. கைதட்டினார்கள். நாலைந்து பேர் எழுந்து நின்றே தட்டினார்கள். அவன் மகள் அப்பாவின் இரண்டு கையையும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டு அழுதாள். கன்னியப்பன் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

அதற்கு முன்பே அண்டா காட்சி வந்து போனது. கூட்டம் சிரித்தது. கன்னியப்பன் சிரிக்கவில்லை. ஐம்பது வருடத்தில் முதல் தடவையாக அதை நான் முழுதாகப் பார்த்தேன். அதிலும் ஒரு தவறு இருக்கிறது. காட்பாடி, லத்தேரி, குடியாத்தம் என்று போகிறான் அந்த நடிகன். லத்தேரிக்கும் குடியாத்தத்துக்கும் நடுவில் காவனூர் இருக்கிறது. என் ஊர். அண்டாவுக்குள் நான் ஒவ்வொரு முறையும் காட்பாடியில் ஏறி அங்கேதான் இறங்கினேன்.